முட்டிக்கு எம்ஆர்ஐ எழுதிக் குடுத்துட்டாங்களா, போறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிருங்க

நான் மதுரையில ஒரு ஸ்கேன் சென்டர்ல எம்ஆர்ஐ டெக்னீஷியன், 11 வருஷமா இதே வேலைதான். முட்டி, தோள், இடுப்புன்னு மூட்டு ஸ்கேனுக்கு வர்றவங்கள தினமும் பாக்குறேன், அவங்க கேக்குற கேள்வியெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், உள்ள தள்ளி கதவ மூடிருவீங்களா, கரண்ட்டு மாதிரி எதும் பாயுமா, ரேடியேஷன் ஒடம்புக்குக் கெடுதலாமே. யாராச்சும் ஒருத்தர் முதல் நாளே உக்காந்து பொறுமையா சொல்லியிருந்தா ராத்திரி பூரா தூங்காம வந்திருக்க மாட்டாங்களேன்னு ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். அதான் எழுதுறேன். முட்டிய வச்சே சொல்றேன், மூட்டு ஸ்கேன்ல எங்ககிட்ட அதிகமா வர்றது அதுதான், மத்த மூட்டுக்கு என்ன வித்தியாசம்னு பின்னாடி கொஞ்சம் சொல்றேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே மனசுல வச்சுக்கோங்க. மெஷின் எவ்ளோ புதுசா இருந்தாலும் படம் நல்லா வர்றதுல பாதிப் பொறுப்பு படுத்திருக்கிறவங்களோடது. நீங்க எங்ககிட்ட மறைக்காம சொல்றது, ஆடாம படுக்கிறது, இந்த ரெண்டும் சரியா இருந்தா மிச்சத்த நாங்க பாத்துக்குவோம்.

முதல்ல இந்த ஸ்கேன் எதுக்குன்னு டாக்டர்ட்ட கேளுங்க

எக்ஸ்ரேல எலும்பு நல்லாத் தெரியும், ஜவ்வு தெரியாது. நம்ம ஊர்ல ஜவ்வுன்னு ஒரே வார்த்தையில சொல்லிருவோம், ஆனா முட்டிக்குள்ள அது பல சாமான். ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்த மாதிரி பிறை வடிவத்துல ரெண்டு இருக்கு, அது மெனிஸ்கஸ். எலும்ப எலும்போட கட்டி வச்சிருக்கிற கயிறு மாதிரி நாலு இருக்கு, அது லிகமெண்ட், அதுல முன்னாடி குறுக்கா போறதத்தான் ஏசிஎல்னு சொல்வாங்க. அப்புறம் எலும்பு முனையில வழவழன்னு ஒரு பூச்சு, அது கார்டிலேஜ், குருத்தெலும்பு. இது எதையும் எக்ஸ்ரே காட்டாது, எம்ஆர்ஐ காட்டும்.

அதனால காலு முறுக்கிக்கிட்டு விழுந்து ரெண்டு மூணு மணி நேரத்துலயே முட்டி பொதபொதன்னு வீங்கிருச்சு, நடக்கும்போது திடீர்னு காலு மடங்கி விட்டுருது, முட்டி பாதியில லாக் ஆகி நீட்ட முடியல, எக்ஸ்ரே நார்மல்னு சொல்றாங்க ஆனா வலி மாசக்கணக்கா போகல, இப்டி இருந்தா எம்ஆர்ஐ நல்லா ஒதவும். ஆனா 65 வயசு அம்மாவுக்கு நின்னுக்கிட்டு எடுத்த எக்ஸ்ரேலயே தேய்மானம் தெளிவாத் தெரியுது, ரெண்டு எலும்புக்கும் நடுவுல கேப்பே இல்லன்னா, அதுக்கு மேல எம்ஆர்ஐ எடுத்து பெருசா ஒண்ணும் புதுசாத் தெரியப்போறதில்ல. டாக்டர்ட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க: "சார், ரிப்போர்ட் எப்டி வந்தாலும் வைத்தியம் மாறுமா?" மாறும்னா கண்டிப்பா எடுங்க. மாறாதுன்னா அந்தக் காசு பிசியோதெரபிக்கு ஆகும்.

ஒரு எச்சரிக்கை. முட்டி சூடா, செவந்து, வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தா எம்ஆர்ஐ அப்பாயின்ட்மெண்ட்டுக்காக நாள் கடத்தாதீங்க. மூட்டுக்குள்ள சீழ் பிடிச்சிருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஊசி போட்டு அந்த நீர எடுத்து டெஸ்ட் பண்ணித்தான் முதல்ல பாப்பாங்க.

உள்ள என்னதான் நடக்குது

இதுல எக்ஸ்ரே கதிர் கிடையவே கிடையாது. பெரிய காந்தம், அதோட ரேடியோ அலை, அவ்ளோதான். நம்ம ஒடம்புல எங்க பாத்தாலும் தண்ணியும் கொழுப்பும் இருக்கு, அதுல ஹைட்ரஜன் இருக்கு, அந்த ஹைட்ரஜன் அணுவோட நடுக்கரு ஒவ்வொண்ணும் குட்டி காந்தம் மாதிரி. பெரிய காந்தத்துக்குள்ள போனதும் அதுல ஒரு பங்கு ஒரே திசையில சாயும், ரேடியோ அலைய அனுப்பி அத லேசா தட்டி விடுவோம், அது திரும்ப பழைய நிலைக்கு வரும்போது ஒரு சிக்னல் குடுக்கும், அந்த சிக்னல வாங்கி கம்ப்யூட்டர் படமாக்குது. ஆரம்பத்துல இந்த முறைக்கு நியூக்ளியர் மேக்னடிக் ரெசொனன்ஸ்னுதான் பேரு, நியூக்ளியர்னாலே ஜனங்க அணுகுண்டு ஞாபகத்துல பயப்படுறாங்கன்னு அந்த வார்த்தைய விட்டுட்டாங்க. இத படம் எடுக்குற முறையா கொண்டு வந்ததுக்கு பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003ல நோபல் குடுத்தாங்க.

பெரும்பாலான எடத்துல இருக்குறது 1.5 டெஸ்லா மெஷின், டெஸ்லாங்கறது காந்தத்தோட பலத்த சொல்ற அளவு, பூமியோட காந்தத்த விட சுமார் 30,000 மடங்கு. 3 டெஸ்லாவும் நிறைய வந்துருச்சு. முட்டிக்கு 1.5 டெஸ்லாவே தாராளமா போதும், 3 டெஸ்லால சின்னச் சின்ன குருத்தெலும்பு, மணிக்கட்டு மாதிரி எடமெல்லாம் இன்னும் தெளிவா வரும். ஏற்கனவே பிளேட்டு, ஸ்க்ரூ வச்சிருக்கிற காலுன்னா 1.5 தான் நல்லது, 3ல அந்த உலோகத்தச் சுத்தி படம் இன்னும் அதிகமா கலைஞ்சு போகும். பக்கவாட்டுல தொறந்திருக்குற ஓப்பன் மெஷின் பயப்படுறவங்களுக்கு வசதிதான், ஆனா அதுல பலதும் காந்த சக்தி கம்மியான மெஷின், நுணுக்கம் கொஞ்சம் கொறையும். நம்பர பாத்து மயங்க வேணாம், நல்ல முட்டி காயில், அதாவது முட்டிய சுத்தி மாட்டி சிக்னல வாங்குற டப்பா, இருக்கா, மூட்டுப் படம் நிறைய பாத்து ரிப்போர்ட் எழுதுற டாக்டர், அதான் ரேடியாலஜிஸ்ட், இருக்காரான்னு கேளுங்க, அது முக்கியம்.

புக் பண்ணும்போது கையில என்ன வேணும்

டாக்டர் சீட்டு. அதுல எந்தக் காலுன்னு எழுதியிருக்கா பாருங்க. வலது இடது மாறி எழுதின சீட்டு நான் எத்தனையோ பாத்திருக்கேன், அதனாலதான் நாங்க சீட்டையும் பாத்துட்டு உங்ககிட்டயும் கேப்போம், வயசானவங்ககிட்ட சோத்தாங்கை பக்கமா நொட்டாங்கை பக்கமான்னே கேப்போம், என்னடா திரும்பத் திரும்ப கேக்குறாங்கன்னு கோவிச்சுக்காதீங்க. பழைய எக்ஸ்ரே, முன்னாடி ஆபரேஷன் பண்ணியிருந்தா டிஸ்சார்ஜ் சம்மரி, ஏதாச்சும் கருவி வச்சிருந்தா அந்த கார்டு, எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. எப்ப விழுந்தீங்க, எப்டி முறுக்குச்சு, எந்த எடத்துல வலிக்குது, இத ரெண்டு வரி சொல்லுங்க, ரிப்போர்ட் எழுதுற டாக்டருக்கு அந்த ரெண்டு வரி ரொம்ப ஒதவும்.

காசு பிரச்சனைன்னா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில விசாரிங்க. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துற ஸ்கேன் சென்டர்ல கட்டணம் வெளிய விட கம்மி. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா அதையும் எடுத்துட்டுப் போய் காப்பீட்டு கவுன்டர்ல உங்க டாக்டர் சீட்டுக்கு அது பொருந்துமான்னு கேட்டுருங்க.

முட்டிக்கு சாதாரண ஸ்கேன்னா பட்டினி தேவையில்ல, சாப்டுட்டு, மாத்திரையெல்லாம் வழக்கம்போல போட்டுட்டு வாங்க. சுகர்க்காரங்க பட்டினியா வந்து மயக்கமா நிக்கிறது பாவமா இருக்கு. மயக்க ஊசி போட்டு எடுக்குற குழந்தைங்களுக்குத்தான் கண்டிப்பா பட்டினி, அத சென்டர்ல தனியா சொல்வாங்க.

மருந்து ஊசி, அதாவது கான்ட்ராஸ்ட், முட்டி ஜவ்வுக்குப் பெரும்பாலும் வேண்டியதில்ல. கட்டி, சீழ், வாத மூட்டு வீக்கம் இப்டி சந்தேகம் இருந்தா கடோலினியம்னு ஒரு மருந்த நரம்புல போடுவாங்க. அப்டின்னா கிட்னி எப்டி இருக்குன்னு கிரியாட்டினின் டெஸ்ட் கேப்பாங்க, டயாலிசிஸ்ல இருக்கிறவங்க, கிட்னி ரொம்ப மோசமா இருக்கிறவங்க கட்டாயம் முன்னாடியே சொல்லணும். கர்ப்பமா இருந்தாலும், இருக்கலாமோன்னு சந்தேகமா இருந்தாலும் சொல்லிருங்க, அவசரமில்லாத முட்டி ஸ்கேன தள்ளிப் போட்டுக்கலாம்.

இரும்பு விஷயம், இதுல மட்டும் ஒண்ணையும் மறைக்காதீங்க

இந்தப் பகுதிய மட்டும் ரெண்டு தடவ படிங்க. அந்தக் காந்தம் எப்பவுமே ஆன்ல இருக்கும். ஸ்கேன் ஓடாதப்பவும், ராத்திரி சென்டர பூட்டிட்டுப் போன பின்னாடியும், கரண்ட்டு போனாலும் காந்தம் காந்தம்தான். உள்ள திரவ ஹீலியத்துல மைனஸ் 269 டிகிரிக்கு குளிர்விச்சு வச்சிருக்கு, லைட்டு மாதிரி சட்டுனு அணைக்க முடியாது. 2018 ஜனவரியில மும்பையில ஒரு ஆஸ்பத்திரியில சொந்தக்காரருக்கு ஸ்கேன் எடுக்க கூடப் போன ஒருத்தர் ஆக்சிஜன் சிலிண்டர கையில பிடிச்சுக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போயிட்டாரு, மெஷின் ஆஃப்ல இருக்குன்னு ஆஸ்பத்திரி ஊழியர் சொன்னத நம்பித்தான் போனாருன்னு அவர் வீட்ல சொன்னாங்க, காந்தம் சிலிண்டரோட அவரையும் சேத்து இழுத்து உயிரே போயிருச்சு. அந்தச் செய்தி வந்த நாள்லருந்து கதவுகிட்ட நிக்கும்போது என் கண்ணு வர்றவங்க கையிலதான் இருக்கும்.

ஒடம்புக்குள்ள இருக்குறதுல முதல்ல சொல்ல வேண்டியது இதெல்லாம்: பேஸ்மேக்கர், காதுக்குள்ள வச்ச காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாய்ல போட்ட கிளிப், இன்சுலின் பம்ப். இப்ப வர்ற பேஸ்மேக்கர்ல சிலது எம்ஆர்ஐக்கு ஏத்ததா வருது, ஆனா அதுக்கும் ஹார்ட் டாக்டர் இருந்து செட்டிங் மாத்தணும், அதனால சும்மா நேரா வந்து படுத்துற முடியாது. ஹார்ட்டுல வச்ச ஸ்டென்ட்டுக்கு பெரும்பாலும் பிரச்சனை இல்ல, காப்பர் டி, பல்லு ஃபில்லிங் இதுக்கும் இல்ல, இருந்தாலும் சொல்லுங்க. எலும்புல போட்ட பிளேட்டு, ராடு இழுத்துக்கிட்டு வராது, படம்தான் அந்த எடத்துல கலையும். ஆனா காலுக்கு வெளிய வளையம் வளையமா கம்பி மாட்டியிருக்கிறவங்க டாக்டர்ட்ட கேக்காம கதவு தாண்டக் கூடாது.

வெல்டிங், கிரைண்டிங், லேத் வேலை பாக்குறவங்க, ஒங்களுக்கு ஒரு தனி வரி. எப்பவாச்சும் கண்ணுல இரும்புத் தூள் பட்டு டாக்டர்ட்ட போயிருக்கீங்களா? பல வருஷம் ஆயிருந்தாலும் சொல்லுங்க. சின்ன துணுக்கு உள்ள தங்கியிருந்தா காந்தத்துல அது நகந்து கண்ணையே கெடுத்துரும், ஒரு எக்ஸ்ரே எடுத்து பாத்துட்டா நிம்மதி.

ஒடம்பு மேல இருக்கிறத சொல்றேன். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, மூக்குத்தி, தோடு, அரைஞாண், தாயத்து, கொண்டை ஊசி, செல்போன், வண்டி சாவி, ஏடிஎம் கார்டு, காது மெஷின், எல்லாம் வெளியதான். தங்கத்த காந்தம் இழுக்காதுன்னு சில பேர் வாதாடுவாங்க, இழுக்காதுதான், ஆனா ரேடியோ அலையில சூடாகலாம், படமும் கெடலாம். தாயத்துக்குள்ள என்ன தகடு இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. சுகருக்கு கையில ஒட்டுற சென்சார், வலிக்கு ஒட்டுற பிளாஸ்டர், அதையும் சொல்லுங்க. வீங்கின முட்டிக்கு சுத்திட்டு வர்ற கிரேப் பேண்டேஜ்ல நுனியில பல்லு பல்லா ஒரு சின்ன கிளிப் இருக்கும் பாருங்க, அத எல்லாரும் மறந்துருவாங்க.

தாலி விஷயத்த கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இதுல எங்க அம்மாமாருக்கு வர்ற சங்கடம் எனக்கு நல்லாப் புரியும். திருமங்கலம் பக்கத்துலருந்து ஒரு பாட்டி வந்திருந்தாங்க, முட்டி வலி. எல்லாம் கழட்டியாச்சு, தாலிய மட்டும் கழட்ட மாட்டேன்னுட்டாங்க, கண்ணுல தண்ணி. நான் பக்கத்துல உக்காந்து சரி பாட்டி, செயின மட்டும் காட்டுங்கன்னு வாங்கிப் பாத்தா, தாலியோட சேத்து நாலு ஊக்கு, ஒண்ணு நல்லா துரு ஏறினது, எங்க போனாலும் கைக்கு ஒதவும்னு வருஷக்கணக்கா மாட்டியே வச்சிருக்காங்க. அந்த ஊக்குதான் ஆபத்து, காந்தத்துக்குப் பக்கத்துல போனா கழுத்துலருந்து மொகத்துக்கு நேரா எழும்பி நிக்கும். அப்புறம் அவங்க மருமகளே கடைக்குப் போய் மஞ்சக் கயிறும் ஒரு துண்டு விரலி மஞ்சளும் வாங்கிட்டு வந்து பாட்டி கழுத்துல கட்டுனாங்க, அதுக்கப்புறம்தான் பாட்டி தாலிய கழட்டி மருமக கையில குடுத்தாங்க. ஆபரேஷனுக்குப் போறவங்க செய்ற வழக்கம்தானே, ஸ்கேனுக்கும் வீட்டுலருந்தே அப்டி மாத்திட்டு வந்துருங்க, எங்க வேலையும் சுளுவு, ஒங்க மனசும் சங்கடப்படாது. கழட்ட வராத மெட்டிய முதல் நாளே சோப்புத் தண்ணி விட்டு உருவிப் பாருங்க, வரவே இல்லன்னா சொல்லுங்க, என்ன செய்யலாம்னு பாப்போம்.

துணியும் அதே மாதிரிதான். சென்டர்ல கவுன் குடுப்பாங்க, அதையே போட்டுக்கோங்க. ஜரிகை வச்ச சேலை, ஜிப்பு, கொக்கி வச்ச உள்ளாடை, வேர்வை நாத்தம் வராதுன்னு வெள்ளி இழை கலந்து வர்ற ஸ்போர்ட்ஸ் டிரஸ், எல்லாத்துலயும் உலோகம் இருக்கு, சூடாகி தோல சுட்டுரும்.

மேஜையில படுத்த பின்னாடி

உள்ள போறதுக்கு முன்னாடி பாத்ரூம் போயிட்டு வந்துருங்க. பாதியில எந்திரிச்சா மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும்.

முட்டி ஸ்கேனுக்கு கால்தான் முதல்ல உள்ள போகும். முட்டி சரியா டனலோட, அதான் மெஷினோட குழாய் மாதிரி இருக்குற பகுதியோட, நடுவுல வரணும், அதனால பெரும்பாலானவங்களுக்கு நெஞ்சு வரைக்கும்தான் உள்ள இருக்கும், தலை வெளியதான், கூரைய பாத்துக்கிட்டு படுத்திருக்கலாம். டனலுக்கு கதவே கிடையாது, ரெண்டு பக்கமும் தொறந்துதான் இருக்கும், ரூம் கதவ மட்டும்தான் சாத்துவோம், நாங்க கண்ணாடி வழியா ஒங்களப் பாத்துக்கிட்டே இருப்போம், மைக்ல பேசுவோம். கையில ஒரு ரப்பர் பந்து குடுப்போம், அத அமுக்குனா எங்களுக்கு மணி அடிக்கும், உடனே நிறுத்திட்டு வருவோம். அதனால பயம் வந்தா அமுக்குங்க, சங்கடப்படாதீங்க.

முட்டிய சுத்தி ரெண்டு பாதியா தொறக்குற டப்பா மாதிரி ஒண்ணு மாட்டுவோம், அதுதான் காயில், சிக்னல வாங்குற ஆன்டெனா அதுதான். முட்டி லேசா மடங்கி இருக்குற மாதிரி வச்சு, சந்துல ஸ்பாஞ்சு சொருகி, மணல் மூட்டைய மேல வச்சு அசையாம பண்ணுவோம். இந்த நேரத்துல கூச்சப்படாம சொல்லுங்க, குதிகால் அழுத்துது, இடுப்பு வலிக்குது, ஏசி குளுருது, எதா இருந்தாலும் இப்பவே. தலகாணி போடுறோம், போர்வை போத்துறோம். ஸ்கேன் ஆரம்பிச்ச பின்னாடி சொன்னா நகத்த முடியாது. ரெண்டு கையையும் கோத்துக்காதீங்க, கால் மேல கால் போடாதீங்க, தொடை ரெண்டும் ஒட்டாம நடுவுல துணி வைப்போம், தோலும் தோலும் தொட்டு வளையம் மாதிரி ஆனா அந்த எடத்துல சூடு ஏறும். லேசா கதகதன்னு இருக்குறது சாதாரணம், சுர்ருன்னு சுட்டா பந்த அமுக்குங்க.

அப்புறம் சத்தம். டக் டக் டக்னு ஆரம்பிக்கும், திடீர்னு ட்ர்ர்ர்னு ட்ரில்லிங் மெஷின் மாதிரி வரும், நிக்கும், வேற மாதிரி வரும். மெஷின் கெட்டுப் போச்சுன்னு நினைச்சுராதீங்க, மெஷினுக்கு உள்ள இருக்குற வேற காயில்கள்ல கரண்ட்டு வேகமா மாறி மாறி போகும்போது அது அதிர்ற சத்தம். காதுக்கு பஞ்சு இல்லன்னா ஹெட்போன் குடுப்போம், குடுக்கலன்னா கேட்டு வாங்குங்க, அது ஒங்க உரிமை. ஒவ்வொரு சத்தமும் ரெண்டுலருந்து நாலு நிமிஷம், அந்த மாதிரி அஞ்சாறு, படுக்க வச்சு ரெடி பண்ற நேரமும் எல்லாம் சேத்து 20லருந்து 30 நிமிஷம்.

அந்த நேரம் பூரா கால் ஆடக் கூடாது. ஏன்னா நாங்க முட்டிய மூணு மில்லிமீட்டர் கனத்துல சீவிச் சீவி எடுக்குறோம், பலாச்சொளைய சீவுற மாதிரி. நீங்க ரெண்டு மில்லிமீட்டர் அசைஞ்சாலே கோடு கோடா நிழல் விழும், அந்த நிழல் மெனிஸ்கஸ் மேல விழுந்தா கிழிசல் மாதிரியே தெரியும், உண்மையான கிழிசல மறைக்கவும் செய்யும். பொங்கல் முடிஞ்சா கபடி பசங்க வரிசையா வருவாங்க, அதுல ஒரு தம்பி, மேலூர் பக்கம், ரெண்டு ராத்திரி வலியில தூங்காதவன், மூணாவது சத்தத்துலயே அசந்து தூங்கிட்டான். நல்லதுதானேன்னு நினைச்சேன், தூக்கத்துல காலு திடுக்குனு ஒரு ஒதறு, படம் பூரா போச்சு. தூக்கத்துல ஒடம்பு துள்ளுறது எல்லாருக்கும் வர்றதுதான். மைக்ல பேர் சொல்லிக் கூப்ட்டு, தம்பி தூங்காத, ஒன்னுலருந்து முன்னூறு வரைக்கும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருன்னு சொல்லி மறுபடி எடுத்தோம், அச்சு மாதிரி வந்துச்சு. ஏசிஎல் முழுசா அறுந்திருந்தது, நேரா கருப்புக் கயிறு மாதிரி தெரிய வேண்டியது நடுவுல வெள்ளையா பிரிஞ்சு பஞ்சு மாதிரி இருந்துச்சு, தொடை எலும்புலயும் கால் எலும்புலயும் வெளிப்பக்கமா ரெண்டும் இடிச்சுக்கிட்ட எடத்துல ரத்தக்கட்டு மாதிரி வெள்ளத் திட்டு. அந்த ரெண்டு திட்டையும் பாத்தாலே விழும்போது முட்டி எப்டி முறுக்குச்சுன்னு சொல்லிரலாம். எண்ணுங்க, இல்லன்னா சாமி பாட்டு மனசுக்குள்ள பாடுங்க, தலையும் கையும் லேசா ஆடுனாலும் பரவாயில்ல, இடுப்புக்குக் கீழ மட்டும் கல்லு மாதிரி.

வேற மூட்டுன்னா என்ன மாறும்

தோளுக்கு தலைதான் முதல்ல உள்ள போகும், கொஞ்சம் இறுக்கமா இருக்கும், கண்ண மூடிட்டே உள்ள போங்க, உள்ள போன பின்னாடி தொறக்காதீங்க, இது நான் பயப்படுற எல்லாருக்கும் சொல்றது. மூச்ச பெருசா இழுத்து விடாதீங்க, தோள் மேல போய் கீழ வரும். மணிக்கட்டுக்கு சில சமயம் குப்புற படுத்து கைய தலைக்கு மேல நீட்டச் சொல்வோம், அது கஷ்டமான பொசிஷன், வலிச்சா முன்னாடியே சொல்லிருங்க.

இடுப்பு மூட்டப் பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும். தொடை எலும்போட பந்து மாதிரி தலைக்கு ரத்த ஓட்டம் கொறைஞ்சு அந்த எலும்பு செத்துப் போறத ஏவிஎன்னு சொல்வாங்க. ஸ்டீராய்டு மருந்து நிறைய எடுத்தவங்க, குடிப்பழக்கம் ரொம்ப இருக்குறவங்களுக்கு அதிகமா வரும், சில பேருக்கு காரணமே தெரியாம வரும். கொடுமை என்னன்னா ஆரம்பத்துல எக்ஸ்ரே சுத்தமா நார்மலா இருக்கும், 30 வயசுப் பையன் இடுப்பு வலி, தொடை இடுக்குல வலின்னு அலைவான், வாயு பிடிச்சிருக்குன்னு எண்ணெய் தேச்சுக்கிட்டு இருப்பாங்க வீட்ல. எம்ஆர்ஐல அப்பவே பளிச்சுன்னு தெரிஞ்சிரும், எலும்புத் தலை தட்டையாகுறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா மூட்டக் காப்பாத்துற வைத்தியம் பண்ணிப் பாக்க டைம் கிடைக்கும். ஒரு பக்கம் வலிச்சாலும் ரெண்டு இடுப்பையும் சேத்துத்தான் எடுப்போம், வலியே இல்லாத பக்கத்துலயும் இருக்கலாம்ங்கறதால. அதே மாதிரி சின்ன வயசுலயே காலையில எந்திரிக்கும்போது அடி முதுகு அரை மணி நேரத்துக்கு மேல இறுகிப் போய், நடமாட நடமாட சரியாகுதுன்னா, இடுப்புக்குப் பின்னாடி இருக்குற எஸ்ஐ ஜாயின்ட்ட எடுத்துப் பாக்கச் சொல்வாங்க. எக்ஸ்ரேல தெரிய பல வருஷம் ஆகுற வீக்கம் அதுல முன்னாடியே தெரியும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

இங்கதான் நிறைய பேர் ஒடஞ்சு போறாங்க. பாதி வார்த்த புரியாது, ஃபோன்ல தேடுவாங்க, தேடத் தேட பயம் ஏறும். அதனால அடிக்கடி வர்ற சில வார்த்தைய மட்டும் சொல்லி வைக்கிறேன். எஃப்யூஷன்னா மூட்டுக்குள்ள நீர் சேந்திருக்கு. மேரோ எடீமான்னா எலும்புக்குள்ள வீக்கம், அடிபட்டாலும் வரும் தேய்மானத்துலயும் வரும். பேக்கர்ஸ் சிஸ்ட்னா முட்டிக்குப் பின்னாடி நீர்ப்பை, பேரு பயமுறுத்துனாலும் பெரும்பாலும் உள்ள இருக்குற வேற பிரச்சனையால வர்றது. மெனிஸ்கஸ்ல கிரேட் 1, கிரேட் 2ன்னு போட்டிருந்தா உள்ளுக்குள்ள நிறம் மாறியிருக்கு, வயசானா வர்றது, அது கிழிசல் இல்ல. வெள்ளக் கோடு மேல்பரப்பு வரைக்கும் வந்து தொட்டாத்தான் கிரேட் 3, அதத்தான் கிழிசல்னு சொல்றது. ஒரு டீச்சரம்மா கிரேட் 2ன்னு படிச்சிட்டு கேன்சர்லதானே இப்டி கிரேட் போடுவாங்கன்னு வாசல்லயே அழுதுக்கிட்டு நின்னாங்க, ரேடியாலஜிஸ்ட் டாக்டரே வெளிய வந்து உக்கார வச்சு சொன்ன பின்னாடிதான் தண்ணி குடிச்சாங்க. ரெண்டு கிரேடுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கிழிசல்னே வந்தாலும் உடனே கத்தின்னு முடிவு பண்ணாதீங்க. அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம்ங்கற ஊர்ல 50லருந்து 90 வயசு வரைக்கும் 991 பேருக்கு முட்டிய எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தாங்க, 2008ல வெளியாச்சு அந்த ஆய்வு. மெனிஸ்கஸ் கிழிஞ்சிருந்தவங்கள்ல 61 சதவீதம் பேருக்கு அதுக்கு முந்தின ஒரு மாசத்துல வலியோ இறுக்கமோ எதுவுமே இல்ல. கிழிசலோட நல்லா நடந்துக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. அதனால படத்துல தெரியுற ஒவ்வொண்ணும் ஒங்க வலிக்குக் காரணம்னு ஆயிராது, எது காரணம்னு முட்டியத் தொட்டு, மடக்கி, நடக்க வச்சுப் பாக்குற டாக்டர்தான் சொல்ல முடியும். ஏசிஎல் அறுந்தவங்கள்ல கூட, விளையாட்டுக்குத் திரும்பணும், நடக்கும்போது கால் விட்டுருதுன்னா ஆபரேஷன் பேச்சு, இல்லன்னா தொடைத் தசைய பலமாக்கி பிசியோவுலயே சமாளிக்கிறவங்களும் இருக்காங்க. ஆனா மெனிஸ்கஸ் கிழிசல பக்கெட் ஹேண்டில்னு ரிப்போர்ட்ல போட்டு முட்டியும் லாக் ஆகி நிக்குதுன்னா தாமதிக்காம எலும்பு டாக்டரப் போய் பாருங்க, கிழிஞ்ச துண்டு நடுவுல போய் சிக்கியிருக்கும்.

ஸ்கேன் எடுத்த அன்னைக்கே டெக்னீஷியன்ட்ட எப்டி இருக்குன்னு கேப்பீங்க, எனக்கும் சொல்லணும்னு இருக்கும், ஆனா நான் சொல்லக் கூடாது, ரேடியாலஜிஸ்ட் எல்லாப் படத்தையும் முழுசா பாத்து எழுதுறதுதான் முடிவு. மூஞ்சிய பாத்து ஊகம் பண்ணாதீங்க.

ஃபிலிம் வாங்கும்போது சிடியும் கேட்டு வாங்குங்க, இல்லன்னா பென்டிரைவ்லயோ லிங்க்கோ குடுப்பாங்க. ஃபிலிம்ல இருக்கிறது பொறுக்கி எடுத்த கொஞ்ச படம்தான், சிடியில நூத்துக்கு மேல இருக்கும், ஆபரேஷன் பண்ற டாக்டர் ஒவ்வொரு சீவலா தள்ளிப் பாக்க அதுதான் வேணும். ஃபிலிம ஃபோன்ல போட்டோ எடுத்து அனுப்புறது சும்மா, அத வச்சு யாரும் ஒழுங்கா எதையும் சொல்ல முடியாது. மடிக்காதீங்க, வெயில்ல வண்டி சீட்டுல வச்சிட்டுப் போகாதீங்க, அடுத்த வருஷம் மறுபடி எடுத்தா ஒப்பிட்டுப் பாக்க இதுதான் ஆதாரம். கெளம்புறப்ப லாக்கர ஒரு தடவ தொறந்து பாத்துருங்க, மூக்குத்தித் திருகாணிய விட்டுட்டுப் போய் சாயங்காலம் பஸ்ஸுல இருந்து ஃபோன் பண்றவங்க வாரத்துக்கு ஒருத்தராச்சும் இருக்காங்க.